பொறியியல் ஆசிரியர் ஒருவருக்கு எதற்காக விருது? திருகோணமலை மாணவரும் பெற்றோரும் இளம் விரிவுரையாளரும் கேட்கும் கேள்விகள்

பொறியியல் பேராசிரியர் ஒருவருக்குச் சிறந்த கற்பித்தலுக்கும் மாணவர் வழிகாட்டலுக்கும் விருது கிடைத்தது என்று செய்தி வரும். படம் இருக்கும், பொன்னாடை இருக்கும். அவர் வகுப்பில் என்ன செய்தார், மாணவரோடு எப்படி உட்கார்ந்தார் என்பது மட்டும் இருக்காது. உயர்தரம் முடித்துப் பொறியியல் பீடத்துக்குப் போகும் பிள்ளைக்கும், அந்தப் பிள்ளையை பஸ் ஏற்றிவிடும் பெற்றோருக்கும், புதிதாக நியமனம் பெற்ற விரிவுரையாளருக்கும் தேவைப்படுவது அந்த விடுபட்ட பகுதிதான். அதைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறோம்.

இந்த விருதுகளை எதைப் பார்த்துக் கொடுக்கிறார்கள்?

கற்பித்தல் வேறு, வழிகாட்டல் வேறு. நூறு பேர் இருக்கும் மண்டபத்தில் நடப்பது கற்பித்தல். ஒருவரோ ஐந்தாறு பேரோ ஆசிரியரின் அறையில் உட்கார்ந்து பேசுவது வழிகாட்டல். ஒன்றில் கெட்டிக்காரர் மற்றதிலும் கெட்டிக்காரராக இருக்க வேண்டும் என்றில்லை. அதனால் பல நாடுகளில் இரண்டுக்கும் தனித்தனி அங்கீகாரம் உண்டு. அமெரிக்காவில் அறிவியல், கணிதம், பொறியியல் துறைகளில் மாணவரை வழிகாட்டுவோருக்கென்றே ஜனாதிபதி விருது 1990களின் நடுப்பகுதியிலிருந்து வழங்கப்படுகிறது. அந்நாட்டுத் தேசியப் பொறியியல் அக்கடமி பொறியியல் கல்வியில் புதுமை செய்வோருக்குக் கோர்டன் பரிசு கொடுக்கிறது. இலங்கையில் பல்கலைக்கழகங்கள் தத்தமது அளவில் கற்பித்தலைப் பாராட்டுகின்றன. பேராசிரியர் பதவி உயர்விலும் ஆய்வு, கற்பித்தல், சமூகத்துக்கும் பல்கலைக்கழகத்துக்குமான பங்களிப்பு என்று மூன்று தலைப்புகளில் புள்ளி பார்க்கப்படுகிறது.

தேர்வுக் குழு கடைசியில் கேட்பது இதைத்தான்: இவர் எதை மாற்றினார், யாருக்காக மாற்றினார், மாறியது என்பதற்கு என்ன அத்தாட்சி?

நன்றாகப் பேசுகிறவர்தானே நல்ல ஆசிரியர்?

நல்ல பேச்சு உதவும், ஆனால் அது போதாது. மாணவர் எந்த இடத்தில் தடுக்கி விழுகிறார் என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவரே பொறியியலில் நல்ல ஆசிரியர். பேசிக்கொண்டே இருந்தால் அந்த இடம் தெரியாது. மாணவரைச் செய்யவிட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

வளைவு பற்றிய முதல் வகுப்பை எடுத்துக்கொள்வோம். 30 சென்ரிமீற்றர் பிளாஸ்ரிக் அடிமட்டம் ஒன்று போதும். அகலம் 30 மிமீ, தடிப்பு 2.5 மிமீ என்று வைத்துக்கொள்ளுங்கள். படுக்கையாகப் பிடித்து அழுத்தினால் வளைகிறது, நிமிர்த்திப் பிடித்தால் வளைய மறுக்கிறது. "எத்தனை மடங்கு விறைப்பு கூடியிருக்கிறது?" என்று கேட்டு நான்கு விடைகளைப் பலகையில் எழுதுங்கள்: 12, 24, 144, 1728. ஒரு நிமிடம் யாரும் பேசக்கூடாது. பிறகு கை உயர்த்தச் சொல்லி எண்ணுங்கள். சரியான விடைக்கு வகுப்பில் 30 முதல் 70 வீதம் கை எழுந்தால், பக்கத்தில் இருப்பவரோடு மூன்று நிமிடம் வாதாடச் சொல்லி மறுபடி எண்ணுங்கள். முப்பதுக்குக் கீழே என்றால் வாதாடுவதற்குச் சரக்கு இல்லை, விளக்கிவிட்டுத் திரும்பக் கேளுங்கள். எழுபதுக்கு மேலே என்றால் அடுத்ததுக்குப் போங்கள். ஹார்வர்டில் பௌதிகம் கற்பித்த எரிக் மசூர் 1991 முதல் வளர்த்தெடுத்த முறை இது.

விடை 144. அகலத்தை உயரத்தின் மூன்றாம் அடுக்கால் பெருக்கி 12ஆல் பிரித்தால் வருவதைப் பொறுத்தது விறைப்பு. படுக்கையாக 30 × 2.5³ ÷ 12, அதாவது ஏறத்தாழ 39 மிமீ⁴. நிமிர்த்தி 2.5 × 30³ ÷ 12, அதாவது 5625 மிமீ⁴. பெரும்பாலானோர் 12 என்பார்கள், ஏனென்றால் 30ஐ 2.5ஆல் பிரித்து நிறுத்திவிடுவார்கள். 1728 என்பவர்கள் மூன்றாம் அடுக்கை நினைவில் வைத்திருப்பவர்கள், அகலம் குறைந்ததை மறந்தவர்கள். ஒவ்வொரு பிழை விடைக்கும் பின்னால் ஒரு பிழையான எண்ணம் இருக்கிறது. அதற்காகத்தான் விடைகளை அப்படித் தெரிவு செய்வது.

இதில் பிசகும் இடம் ஒன்று உண்டு. நிமிர்த்திப் பிடித்த அடிமட்டம் பக்கவாட்டில் முறுகிப் புரளும். இளம் விரிவுரையாளர் பதறிப்போய் அதை மறைக்கப் பார்ப்பார். மறைக்க வேண்டாம். ஒடுங்கிய, உயரமான வளை (பீம்) ஒன்று பக்கத் தாங்கல் இல்லாவிட்டால் புரளும் என்பது மூன்றாம் வருடப் பாடம். "இது ஏன் புரண்டது என்று ஞாபகம் வைத்திருங்கள், பிறகு வருவோம்" என்று சொன்னால் போதும். இன்னொரு பிசகு, சூத்திரத்தை முதலிலேயே பலகையில் எழுதிவிடுவது. அதற்குப் பிறகு யாரும் அடிமட்டத்தைப் பார்க்க மாட்டார்கள்.

இப்படி வகுப்பை நிறுத்திக் கேள்வி கேட்டால் பாடத்திட்டத்தை முடிக்க முடியுமா?

ஓரிரண்டு தலைப்புகளை வாசிப்புக்கு விட வேண்டிவரும், உண்மைதான். ஆனால் மாணவர் வகுப்பில் செயலில் ஈடுபட்டுக் கற்பதையும் விரிவுரை மட்டும் கேட்பதையும் ஒப்பிட்ட 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான ஆய்வு ஒன்று தெளிவாகச் சொல்கிறது: விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் சித்தியடையாதோர் ஏறத்தாழ 34 வீதம், மற்ற வகுப்புகளில் 22 வீதம். அவை அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள். பாடத்திட்டத்தை முடித்துவிட்டு மூன்றில் ஒருவரைத் தவறவிடுவதைவிட, நிறுத்திக் கேட்பது மேல் என்பது எங்கள் நிலைப்பாடு.

விடைத்தாளைத் திருத்துவதில் அப்படி என்ன விசேஷம்?

கற்பித்தலின் பாதி அங்கேதான் இருக்கிறது. ஒரு கணக்கைக் கிட்ட வைத்துப் பார்ப்போம்.

4 மீற்றர் நீள மரவளை, இரு முனையிலும் தாங்கல், மீற்றருக்கு 4 கிலோநியூட்டன் சீரான சுமை. குறுக்குவெட்டு அகலம் 100 மிமீ, உயரம் 300 மிமீ. நடுவில் வளைவுத் திருப்பம், அதாவது சுமை வளையை வளைக்க முயலும் அளவு, 4 × 4² ÷ 8 = 8 கிலோநியூட்டன் மீற்றர். வெட்டு மட்டு, அதாவது குறுக்குவெட்டு வளைவை எதிர்க்கும் அளவு, 100 × 300² ÷ 6 = 15 இலட்சம் மிமீ³. திருப்பத்தை மட்டால் பிரித்தால் மரத்துக்குள் வரும் தகைப்பு 5.33 நியூட்டன்/மிமீ².

மாணவர் எழுதியிருப்பது 0.00533. கிலோநியூட்டனை நியூட்டனாக மாற்றியவர் மீற்றரை மிமீ ஆக்க மறந்துவிட்டார். ஆயிரம் மடங்கு பிழை. சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போட்டு, இரண்டு புள்ளி குறைத்துத் திருப்பிக் கொடுத்தால் அடுத்த முறையும் இதே பிழை வரும். நல்ல ஆசிரியர் ஓரத்தில் ஒரு கேள்வி எழுதுவார்: "0.00533 நியூட்டன்/மிமீ² என்றால் எத்தனை சென்ரிமீற்றர் தண்ணீரின் அழுத்தம்?" கணக்குப் பார்த்தால் 54 சென்ரிமீற்றர். முழங்காலளவு தண்ணீர் தரையில் கொடுக்கும் அழுத்தம். நான்கு மீற்றருக்கு 16 கிலோநியூட்டன், அதாவது ஒன்றரை தொன்னுக்கு மேல் சுமக்கும் மரத்துக்குள் முழங்காலளவு தண்ணீரின் அழுத்தம்தானா? அதைக் கண்டுபிடித்த மாணவர் பிறகு எந்த விடையையும் நம்பக்கூடிய எண்தானா என்று பார்க்காமல் எழுத மாட்டார்.

நூற்றிருபது தாளுக்கு இப்படி எழுத நேரமில்லை என்பது நியாயமான முறைப்பாடு. வழி இருக்கிறது. முதல் இருபது தாளைப் புள்ளி போடாமல் வாசியுங்கள். பிழைகள் ஆறேழு வகைக்குள் அடங்கிவிடும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, தாளில் அந்த எண்ணை மட்டும் போடுங்கள். எண்ணுக்கான கேள்விகளை ஒரு பக்கத்தில் அச்சிட்டுத் தாள்களோடு சேர்த்துக் கொடுங்கள். இரண்டு வாரத்துக்குள் கொடுங்கள். செமஸ்டர் முடிந்த பிறகு திரும்பி வரும் தாளை யாரும் வாசிப்பதில்லை.

தமிழில் உயர்தரம் படித்த பிள்ளைகள் ஆங்கில விரிவுரையில் ஏன் தடுமாறுகிறார்கள்? ஆசிரியர் என்ன செய்யலாம்?

தடுமாற்றம் பெரும்பாலும் கணிதத்தில் இல்லை, சொல்லில் இருக்கிறது. இணைந்த கணிதத்திலும் பௌதிகத்திலும் திருப்பம், உந்தம், சடத்துவம், தகைப்பு, விகாரம் என்று படித்த பிள்ளைக்கு முதல் வாரத்திலேயே மொமென்ட், மொமென்டம், இனேர்ஷியா, ஸ்ட்ரெஸ், ஸ்ட்ரெய்ன் என்று காதில் விழுகிறது. மொமென்ட் என்றால் திருப்பம், மொமென்டம் என்றால் உந்தம். விரிவுரை மண்டபத்தின் பின்வரிசையில் இரண்டும் ஒரே மாதிரித்தான் கேட்கும். ஸ்ட்ரெஸ்ஸும் ஸ்ட்ரெய்னும் அப்படியே. இதோடு "மொமென்ட் ஒஃப் இனேர்ஷியா" என்பது இயக்கவியலில் ஒன்றையும் வளைகளில் வேறொன்றையும் குறிக்கிறது. அலகைப் பார்த்தால்தான் பிரிக்கலாம்: முன்னது கிலோகிராம் மீற்றர்², பின்னது மிமீ⁴.

செய்யக்கூடியது எளிது. முதல் நான்கு வாரம், ஒவ்வொரு விரிவுரைக்கும் முன்னதாகப் பதினைந்து சொற்களின் மும்மொழிப் பட்டியலை அனுப்புங்கள். மூன்று நிரல்: ஆங்கிலச் சொல், தமிழும் சிங்களமும், அலகு. அலகு நிரல்தான் முக்கியம். சொல்லைப் பலகையில் எழுதிவிட்டுப் பேசுங்கள். கேள்வித்தாளில் வரும் "ஹென்ஸ்" என்ற சொல்லின் பொருள், முன்பகுதியின் விடையைக் கொண்டே செய்ய வேண்டும் என்பது. "நெக்லெக்ட்" என்றால் அந்தக் கணியத்தை மிகச் சிறியதென்று விட்டுவிடலாம். இவற்றை ஒருமுறை சொல்லிக் கொடுத்தால் பல பிள்ளைகளின் புள்ளி அங்கேயே ஏறும்.

மாணவருக்கு ஒன்று: தமிழில் யோசிப்பது குறையல்ல. குறிப்பேட்டின் ஓரத்தில் தமிழ்ச் சொல்லை எழுதிக்கொள்ளுங்கள். விடையை மட்டும் ஆங்கிலத்தில் எழுதுங்கள்.

திருகோணமலையில் இருந்து எடுக்கக்கூடிய பாட உதாரணங்கள் என்ன?

கைநிறைய இருக்கின்றன. வெளிநாட்டுப் பாடநூலில் வரும் பனிக்கட்டிச் சுமையைவிட இவை பிள்ளைகளுக்கு ஒட்டும்.

கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்டது, நீளம் 396 மீற்றர். கொங்கிறீற்றின் விரிவுக் குணகம் பாகைக்குப் பத்து இலட்சத்தில் 10 பங்கு என்றும், வெப்பநிலை 20 பாகை மாறுகிறது என்றும் கொண்டால், முழு நீளமும் ஒரே துண்டாக இருந்தால் எவ்வளவு நீளும்? ஏறத்தாழ 79 மிமீ. இப்போது பிள்ளைகளைப் பாலத்தில் நடக்கவிட்டு, பாதையோரமாக நின்று விரிவு இணைப்புகளை எண்ணச் சொல்லுங்கள். இணைப்புக்குள் மணலும் கல்லும் அடைத்தால் என்ன நடக்கும் என்ற கேள்வி தானாகவே வரும்.

கந்தளாய்க் குளத்தின் அணை 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் உடைந்து நூற்றுக்கும் அதிகமானோர் உயிரிழந்தார்கள். மண் அணைக்குள் நீர் கசிவதும், கசிவு மண்துணிக்கைகளைக் கூடவே அள்ளிக்கொண்டு குழாய்போல வழி திறப்பதும், மதகுபோன்ற கட்டுமானம் மண்ணோடு சேரும் இடம் ஏன் எப்போதும் கவனிக்கப்பட வேண்டியது என்பதும் மண் பொறியியலின் அடிப்படைப் பாடங்கள். இதைக் கற்பிக்கும்போது எண்களோடு நிறுத்தக்கூடாது. அந்த ஊர்ப் பிள்ளை வகுப்பில் இருக்கக்கூடும்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழு. ஒவ்வொன்றிலும் சூடு சற்றே வேறுபடும். அளவீட்டு வழு பற்றிய முதல் பயிற்சிக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. வெப்பமானியைத் தண்ணீருக்கு வெளியே தூக்கி வாசித்தால் எண் இறங்கிவிடும். ஒரு பாகைக் கோடுகள் உள்ள வெப்பமானியில் அரைப் பாகைக்குக் குறைந்த வித்தியாசத்தை நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆக, எந்த இரண்டு கிணறுகள் உண்மையிலேயே வேறுபடுகின்றன, எவை வேறுபடுவதாகத் தோன்றுகின்றன? ஐந்து பேர் தனித்தனியாக வாசித்து, ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்காமல் எழுத வேண்டும். வழிபாட்டுக்கும் நீராடவும் வருவோருக்கு இடைஞ்சல் இல்லாத நேரத்தில் போங்கள்.

சீனக்குடாவில் பிரித்தானியர் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் 99 இருக்கின்றன. பெரிய எண்ணெய்த் தாங்கி எதிலும் அடிவரிசைத் தகடு மேல்வரிசைத் தகட்டைவிடத் தடிப்பாக இருப்பது ஏன் என்பது இரண்டாம் வருட மாணவருக்கான கேள்வி.

ஆய்வுகூட அறிக்கைகளைப் பழைய பேட்சிடமிருந்து பார்த்து எழுதுகிறார்களே, எப்படித் தடுப்பது?

தண்டித்துத் தடுப்பது கடினம். பார்த்து எழுதிப் பயனில்லாதபடி சோதனையை அமைக்க வேண்டும். களிமண் சுமையின் கீழ் நீரை வெளியேற்றி மெல்ல இறுகுவதை அளக்கும் கொன்சொலிடேஷன் சோதனையைப் பாருங்கள். 75 மிமீ விட்டமும் 20 மிமீ தடிப்புமான மண்வில்லை, சுமை 25, 50, 100, 200, 400 கிலோபாஸ்கல் என்று இரட்டிப்பாகும், ஒவ்வொன்றும் 24 மணி நேரம். ஒரு குழு முழுவதையும் செய்தால் ஒரு வாரம் போய்விடும். அதனால் பல இடங்களில் ஒரு படியை மட்டும் காட்டிவிட்டு மீதிக்குப் பழைய தரவைக் கொடுக்கிறார்கள். பார்த்து எழுதும் பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது.

மாற்று வழி: ஐந்து குழு, ஐந்து நாள், ஒரே மண்வில்லை. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சுமைப்படி. காலை எட்டு மணிக்கு முந்திய குழு கடைசி வாசிப்பை எடுத்து, கையொப்பமிட்டு அடுத்த குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். வாசிப்புகள் 15 செக்கன், 1, 2¼, 4, 9, 16, 25 நிமிடம் என்று போகும். நேரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிராக வரைவதற்கு வசதியான நேரங்கள் இவை. ஒரு குழு முதல் வாசிப்பைத் தவறவிட்டால் மற்ற நான்கு குழுவும் அவர்களைக் கேள்வி கேட்கும், ஆசிரியர் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. அடிக்கடி நடக்கும் பிழைகள் மூன்று: வில்லையை வெட்டும்போது வளையத்தின் ஓரத்தில் இடைவெளி விடுவது, கலத்தில் தண்ணீர் ஊற்ற மறப்பது, சுமையை மெதுவாக இறக்காமல் போடுவது. மூன்றுமே வளைகோட்டின் தொடக்கத்தில் அடையாளம் விட்டுப்போகும். அறிக்கையில் "எங்கள் வளைகோட்டில் எந்த இடம் சந்தேகத்துக்குரியது, ஏன்?" என்ற பகுதிக்குப் பாதிப் புள்ளி கொடுங்கள். அதைப் பழைய பேட்சிடம் வாங்க முடியாது.

மாணவர் வழிகாட்டல் என்றால் நடைமுறையில் என்ன செய்வது?

"எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்" என்று சொல்வது வழிகாட்டல் ஆகாது. அப்படிச் சொன்னால் கெட்டிக்காரப் பிள்ளைகள் மட்டுமே வருவார்கள். உதவி தேவைப்படும் பிள்ளை வெட்கத்தால் வராது.

ஒருவருக்கு எட்டு முதல் பத்து மாணவர். முதல் மூன்று வாரத்துக்குள் ஒவ்வொருவரோடும் தனியாக 20 நிமிடம். பிறகு மாதம் ஒருமுறை 10 நிமிடம். நாளும் நேரமும் முன்கூட்டியே குறித்துக் கொடுங்கள், மாணவர் கேட்டு வாங்க வேண்டியதாக இருக்கக்கூடாது. ஒரு கொப்பியில் ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கி, ஒவ்வொரு சந்திப்புக்கும் மூன்று வரி எழுதுங்கள்: என்ன சொன்னார், என்ன செய்வதாக ஒத்துக்கொண்டார், நீங்கள் என்ன செய்வதாகச் சொன்னீர்கள். மூன்றாவது வரியை மறக்கும் ஆசிரியரிடம் பிள்ளை இரண்டாம் முறை மனம் திறக்காது.

"எப்படிப் போகுது?" என்று கேட்டால் "பரவாயில்லை சேர்" என்றுதான் பதில் வரும். குறிப்பாகக் கேளுங்கள். "நீர் கடைசியாக எப்ப வீட்டுக்குப் போனீர்?" "நேற்று இரவு எங்க சாப்பிட்டீர்?" "இந்த வாரம் எந்த விரிவுரை விளங்கயில்லை?" சாப்பாட்டுக் கேள்வி காரணத்தோடுதான். மஹாபொல அல்லது உதவிப்பணத்தை நம்பி இருக்கும் பிள்ளைக்கு அது பிந்தும் மாதத்தில் முதலில் குறைவது சாப்பாடு, பிறகு வகுப்பு வரவு. வரவு 80 வீதத்துக்குக் கீழே இறங்கினால் பல பாடங்களில் பரீட்சைக்கே இருக்க முடியாமல் போகும். இரண்டு ஆய்வுகூட அறிக்கைகள் தொடர்ந்து வராவிட்டால் அந்த வாரமே கூப்பிட்டுப் பேசுங்கள். பெறுபேறு வரும்வரை காத்திருந்தால் ஒரு செமஸ்டர் போய்விடும்.

நேரத்தையும் எண்ணாகக் காட்டுங்கள். இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் 50 மணி நேரக் கற்றல். மூன்று கிரெடிட் பாடம் 150 மணி. விரிவுரைக்கு 45 மணி என்றால், 15 வாரத்தில் வாரம் ஏழு மணி அந்த ஒரு பாடத்துக்கே சொந்தப் படிப்பு. ரியூசன் வகுப்பிலேயே எல்லாம் முடிந்த பழக்கத்தில் வரும் பிள்ளைக்கு இதை யாரும் சொல்வதில்லை.

பகிடிவதை பற்றியும் நேரடியாகக் கேளுங்கள். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம். பிள்ளை சொன்னதை யாரிடம் கொண்டுபோகப் போகிறீர்கள் என்று முதலில் அந்தப் பிள்ளையிடமே சொல்லுங்கள்.

வழிகாட்டி எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்?

சந்திப்பு பகலில், அலுவலக அறையில், கதவு திறந்தபடி. இரவு பத்துக்குப் பிறகு வட்ஸ்அப் வேண்டாம். பணம் கடன் கொடுக்க வேண்டாம், நலன்புரிப் பிரிவோடு இணைத்துவிடுங்கள். பிள்ளை தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தைச் சொன்னால் தனியாக விட்டுவிட்டு வராதீர்கள், அன்றைக்கே மாணவர் ஆலோசகரிடமும் மருத்துவரிடமும் கூட்டிப்போங்கள். பெற்றோருக்குச் சொல்வதைப் பற்றிப் பிள்ளையோடு பேசியே முடிவெடுங்கள்.

மாணவராக நான் ஒரு பேராசிரியரை எப்படி அணுகுவது? பயமாக இருக்கிறது.

பயம் எல்லோருக்கும் உண்டு. சிறிய, குறிப்பான கேள்வியோடு போனால் பாதி குறைந்துவிடும். எழுதும் மடல் இந்த அளவில் இருக்கட்டும்:

"வணக்கம் சேர். நான் முதலாம் வருடம், பதிவெண் இது. டியூட்டோரியல் 3, ஐந்தாம் கேள்வி. தாங்கல் விசைகளைக் கண்டுபிடித்துவிட்டேன், சமநிலை சரிபார்த்தேன். திருப்ப வரைபடத்தில் நடுப்பகுதியின் குறி எனக்கு எதிராக வருகிறது. செய்த பக்கத்தைப் படமெடுத்து இணைத்திருக்கிறேன். புதன் அல்லது வியாழன் பத்து நிமிடம் வரலாமா?"

யார், எந்தக் கேள்வி, எதுவரை செய்தது, எங்கே நின்றது, எவ்வளவு நேரம் வேண்டும். ஆங்கிலத்தில் எழுதினாலும் இதே ஒழுங்குதான். "சேர், ஒன்றும் விளங்கயில்லை" என்று எழுதினால் நல்ல மனமுள்ள ஆசிரியருக்கும் எங்கே தொடங்குவது என்று தெரியாது. ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டலாம், அது மரியாதைக் குறைவு ஆகாது.

குப்பி வகுப்புகளுக்குப் போனால் போதாதா?

குப்பி நல்ல வழக்கம். சீனியர் அண்ணாவோ அக்காவோ, சில வேளை உங்கள் பேட்ச்மேட்டோ, பரீட்சைக்கு முன் உட்கார்ந்து தமிழில் சொல்லித் தரும்போது விரிவுரையில் விடுபட்டது பிடிபடும். சொல்லித் தருபவருக்கு இன்னும் அதிக இலாபம். ஆனால் குப்பி பெரும்பாலும் கடந்த வினாத்தாள்களைச் சுற்றியே ஓடும். ஆசிரியர் கேள்வியின் முகத்தை மாற்றினால் கையைக் கட்டிவிடும். நல்ல ஆசிரியர்கள் குப்பியை எதிர்ப்பதில்லை. சொல்லிக் கொடுப்பவர்களைக் கூப்பிட்டு, "எந்த இடத்தில் தம்பிமார் கூடுதலாகக் கேட்கிறார்கள்?" என்று விசாரிப்பார்கள். மாணவர் கருத்துப் படிவத்தைவிட அந்தத் தகவல் பயன்படும்.

நம்மவர்களில் முன்மாதிரியாக யாரைப் பார்க்கலாம்?

பேராசிரியர் அழகையா துரைராஜா (1934–1994). வடமராட்சியில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் மண் பொறியியலில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்தார். அங்கே ஆய்வு செய்த ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட் ஆகியோரோடு சேர்ந்து 1963இல் அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை, களிமண் எப்போது, எப்படி நிலைகுலைகிறது என்பதை விளக்கும் கேம் கிளே மாதிரியின் அடித்தளங்களில் ஒன்று. மண்ணை உருமாற்றச் செய்யும் வேலை எங்கே போகிறது, உராய்வில் எவ்வளவு கரைகிறது என்ற அவருடைய கணக்கு இன்றும் உலகெங்கும் மண் பொறியியல் வகுப்புகளில் வருகிறது. திரும்பி வந்து பேராதனையில் கற்பித்தார், பொறியியல் பீடாதிபதியாக இருந்தார். 1988 முதல் 1994வரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். போர் நடந்த காலம் அது. உலகத் தரமான ஆய்வைச் செய்தவர் தன் பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் திரும்பி வந்தார் என்பதை முதலாம் வருட மாணவருக்குச் சொல்ல வேண்டும். கேம் கிளே பாடம் வரும்போது அந்தப் பெயரையும் சேர்த்தே பலகையில் எழுதுங்கள்.

நல்ல ஆய்வாளர் என்றால் நல்ல ஆசிரியராகவும் இருப்பாரா?

இருக்கலாம், இல்லாமலும் போகலாம். 58 ஆய்வுகளைத் தொகுத்து ஹாட்டியும் மார்ஷும் 1996இல் பார்த்தபோது இரண்டுக்கும் இடையிலான இணைவு 0.06தான். ஏறத்தாழ ஒன்றுமில்லை. அதனால் கட்டுரை எண்ணிக்கையைப் பார்த்து வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

இறுதி வருடச் செயற்றிட்டத்தைத் திருகோணமலையில் செய்ய விரும்புகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

மழையை. இங்கே பெருமழைக் காலம் ஒக்டோபரில் தொடங்கி ஜனவரிவரை போகும். உப்புவெளிக் கரையின் மணல் எப்படி ஏறி இறங்குகிறது என்று அளக்க விரும்பினால் மழைக்கு முன் ஒருமுறை, நடுவில் ஒருமுறை, பின் ஒருமுறை அளக்க வேண்டும். ஜனவரியில் தலைப்பைத் தெரிவு செய்தால் அந்தப் பருவம் போய்விட்டது, அடுத்தது வரும்போது நீங்கள் பட்டம் முடித்திருப்பீர்கள். செப்ரெம்பரில் முதல் அளவீடு, இதில் விட்டுக்கொடுப்பு இல்லை.

மேற்பார்வையாளரோடு வாரம் அரை மணி. போகும்போது ஒரு பக்கத் தாள்: இந்த வாரம் செய்தது, கிடைத்த எண், அடுத்த வாரம் செய்யப் போவது. எண் இல்லாத வாரம் இரண்டு தொடர்ந்து வந்தால் திட்டத்தைச் சிறிதாக்குங்கள். துறைமுகம், நீர்ப்பாசனத் திணைக்களம், சீமெந்து ஆலை போன்ற இடங்களில் தரவு வேண்டுமென்றால் பீடத்தின் கடிதம் தேவை. கடிதமும் அனுமதியும் கைக்கு வர ஒன்றிரண்டு மாதம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆசிரியரை விருதுக்குப் பரிந்துரைக்க விரும்புகிறோம். கோப்பில் என்ன இருக்க வேண்டும்?

பெயரடைகளைக் குறைத்து அத்தாட்சிகளைக் கூட்டுங்கள். "அர்ப்பணிப்பு மிக்கவர், தன்னலமற்றவர்" என்று பத்துக் கடிதம் சேர்ந்தாலும் குழு ஒன்றையும் அறியாது. "2ஆம் வருட மண் ஆய்வுகூடத்தை ஐந்து குழுச் சங்கிலியாக மாற்றினார், இதோ பழைய தாள், இதோ புதிய தாள்" என்றால் அறியும்.

கடந்த மூன்று வருடத்தில் அவர் எடுத்த பாடங்களும் மாணவர் தொகையும். அவர் திருத்திய உண்மையான விடைத்தாள் இரண்டு, மாணவர் பெயரை மறைத்து. வகுப்பை வந்து பார்த்த சக விரிவுரையாளர் ஒருவரின் குறிப்பு. வெவ்வேறு பேட்சைச் சேர்ந்த மூவரின் கடிதம். அதில் ஒருவராவது ஒரு பாடத்தில் தவறி, பிறகு எழுதிச் சித்தியடைந்தவராக இருக்க வேண்டும். முதல் வகுப்புச் சித்தியாளர்கள் எந்த ஆசிரியரிடமும் தப்பிவிடுவார்கள், அவர்களின் கடிதம் மட்டும் இருந்தால் குழு நம்பாது.

கருத்துப் படிவச் சராசரியைப் போடும்போது எத்தனை பேர் நிரப்பினார்கள் என்பதையும் போடுங்கள். 120 பேர் வகுப்பில் 18 பேர் நிரப்பி 5க்கு 4.6 வந்தால் அது 15 வீதத்தினரின் கருத்து. அதை மறைத்தால் முழுக் கோப்பின் மீதும் சந்தேகம் விழும். கோப்பு எழுதும் விஷயத்தை ஆசிரியரிடம் சொல்லிவிட்டே தொடங்குங்கள். பாதித் தாள்கள் அவரிடம்தான் இருக்கும்.

திருகோணமலையிலேயே பொறியியல் படிக்க முடியாதா?

கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது, அங்கே பிரயோக விஞ்ஞானம், தொடர்பாடல், வியாபாரக் கற்கைகள் உண்டு. அரச பல்கலைக்கழகப் பொறியியல் பட்டத்துக்குப் பேராதனை, மொறட்டுவை, கிளிநொச்சி அறிவியல்நகர், ஒலுவில், ஹப்புகல என்று வெளியே போக வேண்டியிருக்கிறது. அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடு உண்டு, திருகோணமலை கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலிலும் இருக்கிறது. ஆகவே வெட்டுப்புள்ளியை மாவட்ட அடிப்படையில் பாருங்கள், கொழும்பின் புள்ளியைப் பார்த்து மனம் தளர வேண்டாம்.

மேற்படிப்புக்குச் சிபாரிசுக் கடிதம் யாரிடம், எப்படிக் கேட்பது?

உங்கள் வேலையைக் கிட்ட இருந்து பார்த்தவரிடம் கேளுங்கள். பெரிய பதவியில் இருப்பவர் உங்கள் புள்ளியை மட்டும் அறிந்திருந்தால் அவர் எழுதும் கடிதம் நான்கு வரியில் முடிந்துவிடும். செயற்றிட்ட மேற்பார்வையாளர், ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பாக இருந்தவர், மாத மாதம் சந்தித்த வழிகாட்டி, இவர்களிடம் சொல்வதற்கு விஷயம் இருக்கும்.

கடைசித் திகதிக்கு மூன்று வாரமாவது முன்பு கேளுங்கள். முதல் மடலில் "எனக்கு நல்ல கடிதம் எழுதக்கூடிய அளவுக்கு என் வேலையை அறிவீர்களா சேர்?" என்று கேட்பது நல்லது, மறுப்பதற்கு அவருக்கு இடம் கிடைக்கும். சம்மதித்தால் ஒரே மடலில் அனுப்புங்கள்: பெறுபேற்றுப் பிரதி, சுயவிபரம், நீங்கள் எழுதிய நோக்கக் கூற்று, விண்ணப்பிக்கும் இடங்களின் பட்டியலும் கடைசித் திகதிகளும், அவரோடு செய்த வேலை பற்றி நினைவூட்டும் ஐந்து வரி. அந்த ஐந்து வரியில் பட்டங்களை எழுதாதீர்கள். "சுமைப்படி 200 கிலோபாஸ்கலில் எங்கள் வளைகோடு தவறியதைக் கண்டுபிடித்து மறுபடி செய்தோம்" என்பது போல எழுதுங்கள், அவருக்கு உடனே ஞாபகம் வரும். கடைசித் திகதிக்கு ஐந்து நாள் முன்பு ஒரு நினைவூட்டல். அனுமதி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் முடிவை அவருக்குச் சொல்லுங்கள்.